தையல் ஹாலில் பாட்டு: ஸ்பீக்கரா, இயர்போனா, இரண்டும் வேண்டாமா?

திருப்பூரில் சொந்தமாக, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். நாற்பது மெஷின், ஒரு கட்டிங் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசி வரியில் நான்கு சுவர் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர். "அண்ணா, இது வேணுங்களா? ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கட்டும்னு விட்டுட்டா செலவு மிச்சமாகுமில்லீங்களா?" என்று கேட்டார். பணம் போடும் அவருடைய மாமனாருக்கோ இரண்டுமே பிடிக்கவில்லை. வேலை நேரத்தில் பாட்டு எதற்கு என்கிறாராம்.

நான் பதினெட்டு வருடமாக பனியன் கம்பெனிகளில் இருக்கிறேன். செக்கிங்கில் ஆரம்பித்து, லைன் சூப்பர்வைசராகி, இப்போது புரொடக்ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டு ஓடும் ஹால், அவரவர் காதில் மாட்டிக்கொள்ளும் ஹால், கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடும் ஹால் மூன்றிலும் நின்றிருக்கிறேன். அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி முழுக்க ஒரே முடிவு என்று எடுத்தால் தப்பாகத்தான் போகும், டேபிளுக்கு டேபிள் பார்க்க வேண்டும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் யாருக்கு உரிமை என்பதை ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.

மதியம் மூன்று மணி

சாப்பாடு முடிந்து இரண்டரை, மூன்று மணிக்குத் தையல் ஹாலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். தோள் ஜாயிண்ட் அடிக்கிற அக்கா காலையிலிருந்து தோள் ஜாயிண்ட்தான் அடிக்கிறார். முன் பாகத்தையும் பின் பாகத்தையும் ஓரம் சேர்த்து வைக்கிறார், பெடலை மிதிக்கிறார், ஓவர்லாக் மெஷின் ஒரு இழுப்பு இழுக்கிறது, பீஸைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். சில விநாடி வேலை. ஒரு ஷிப்டில் அதே வேலையை நூற்றுக்கணக்கான தடவை செய்கிறார். கைக்கு ஓய்வே கிடையாது, மனதுக்குச் செய்ய ஒன்றுமே கிடையாது.

எதிர்ப்பக்கம் செக்கிங் டேபிள். ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, கையை உள்ளே விட்டுத் திருப்பி, ஆயில் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாம் தேட வேண்டும். நான் அங்கே இருந்தபோது பார்த்தது, டேமேஜ் பீஸ் எங்கள் கண்ணில் படாமல் தப்பிப் போவது இந்த நேரத்தில்தான் அதிகம். கண் திறந்திருக்கும், பார்வை போய்விட்டிருக்கும். அப்போது ஒருவர் பாட்டைப் போட்டால் முதுகு நிமிர்வதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. நாற்று நடுகிறவர்கள் பாடியதும், ஏற்றம் இறைக்கிறவர்கள் பாடியதும், படகு தள்ளுகிறவர்கள் ஏலேலோ போட்டதும் இதற்காகத்தான். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று பழமொழியே இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் சேர்ந்தே ஓடும். வேலையின் தாளமும் பாட்டின் தாளமும் ஒன்றாக இருந்தன, பாடியவரே வேலை செய்தார். ஃபேக்டரியில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. தாளத்தை மெஷின் வைத்துக்கொண்டது, பாட்டு வெளியிலிருந்து வர வேண்டியதாகிவிட்டது. நம் கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டனில் இந்த மாதிரிச் சலிப்பு தரும் கைவேலைகளை ஆராய்ந்த வயாட், லாங்டன் என்ற இருவர் 1937-இல் வெளியிட்ட அறிக்கையில், பாட்டு ஓடிய நேரங்களில் உற்பத்தி கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். யுத்த காலத்தில் பி.பி.சி. அதையே நாடு முழுவதற்கும் செய்தது. 1940 ஜூன் 23 அன்று தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி என்று பாட்டு ஒலிபரப்பினார்கள். அது 1967 வரை ஓடியது.

மாமனார் சொல்வது

முதலில் மாமனார் கட்சியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

நல்ல டெய்லர் மெஷினைக் காதாலும் ஓட்டுவார். ஊசி தட்டில் உரசினால், நூல் கோக்கும் லூப்பர் இடித்தால், எண்ணெய் வற்றினால் சத்தம் மாறும். பீஸ் கெடுவதற்கு முன்பே கையை எடுத்துவிடுவார். சத்தமாகப் பாட்டு ஓடும் ஹாலில் அந்தக் காது அடைபட்டுவிடும். வேலை கற்றுக்கொள்ள வந்திருப்பவர்களுக்கும் பாட்டு உதவாது. கை பழகிய வேலைக்குத்தான் பாட்டு துணை, பழகாத கைக்கு அது இன்னொரு சுமை. புதிதாகச் சேர்ந்த பெண் முதல் இரண்டு மூன்று வாரம் துணியைப் பிடிப்பதற்கும் பெடலை அழுத்துவதற்குமே மொத்தக் கவனத்தையும் கொடுத்தாக வேண்டும். அவர்களை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார வைப்பது நல்லது.

ஆனால் மாமனார் நினைப்பது போல, பாட்டை நிறுத்தினால் ஹாலில் அமைதி வராது. மெஷின் இரைச்சல்தான் மிஞ்சும். செல்போனை கேட்டில் வாங்கி வைத்த கம்பெனியில் நான் பார்த்தது இதுதான்: பக்கத்து மெஷினோடு பேச்சு கூடியது, தண்ணீர் குடிக்கப் போவது கூடியது, மூன்று மணிக் கிறக்கம் அப்படியே இருந்தது. ஆட்கள் வேலை மாறும்போது சொல்லும் காரணங்களில் "அங்க பாட்டுக் கேக்கலாமுங்க" என்பதையும் கேட்டிருக்கிறேன். திருப்பூரில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்பீக்கர்

பொது ஸ்பீக்கரில் எனக்குப் பிடித்த விஷயம் அது எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்பது. ஒரு தடவை கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன, பாட்டும் நின்றது. ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த அமைதியில் பேட்லாக் மெஷினில் இருந்த அக்கா விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார். பக்கத்து வரிசையில் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கைமடிக்கிற பெண்கள் தலை நிமிர்த்திச் சிரித்தார்கள். ஜெனரேட்டர் இரைந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தை இயர்போன் கொடுக்காது.

ஆனால் எல்லோருக்கும் கேட்பதுதான் அதன் குறையும். பிடிக்காதவர் எங்கே போவார்? மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்த அக்காக்களுக்கு இளையராஜாவின் எண்பதுகளுக்கு மேல் எதுவும் வேண்டாம். இருபது வயதுப் பையன்களுக்குப் போன வாரம் வந்த பாட்டு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் பாதி, அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றுகூட நாள் முழுக்க வராது. அவர்கள் வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு யூனிட்டில், ஒடியாப் பையன் ஒருவன் டீ நேரத்தில் தன் பென்டிரைவைச் சொருகிவிட்டான். நாலு பேர் கத்த, ஒருவர் பிடுங்கி எறிய, அரை மணி வேலை கெட்டது. அன்றைக்குத்தான் தோன்றியது, இதற்கு ஒரு முறை வைத்திருக்க வேண்டும் என்று. பிறகு திங்கள் ஒரு வரிசை, செவ்வாய் அடுத்த வரிசை என்று முறை வைத்தோம். அந்தந்த வரிசை தங்கள் பென்டிரைவைக் கொடுக்கும். வியாழக்கிழமை ஒடியாப் பாட்டு ஓடியது. முதல் இரண்டு வாரம் முகம் சுளித்தவர்கள் அப்புறம் அவர்களிடமே இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள்.

காலையில் பூஜை போட்டு அம்மன் பாட்டோடு ஆரம்பிப்பது இங்கே பல கம்பெனிகளில் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் வேலை மணி அடித்த பிறகும் பக்திப் பாட்டே ஓட வேண்டாம். பாத்திமா அக்காவும் மேரி அக்காவும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எஃப்.எம்.மா, பென்டிரைவா என்பதும் ஒரு கேள்வி. எஃப்.எம்.மில் செலவு கிடையாது, பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பாதி நேரம் பேச்சும் விளம்பரமும். பாட்டைப் பின்னால் ஓடவிட்டு வேலை செய்யலாம், பேச்சு அப்படி விடாது, காது தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பி.பி.சி.யின் அந்த நிகழ்ச்சியில் இதைத் தெரிந்தே பேச்சைக் குறைத்து, பாட்டுகளைக் கோத்துத் தொடர்ச்சியாகப் போட்டார்கள். சத்தம் திடீரென்று ஏறி இறங்கும் பாட்டுகளைத் தவிர்த்தார்கள், தூக்கம் வரவழைக்கும் மெதுவான பாட்டுகளையும் தவிர்த்தார்கள். கை தட்ட வேண்டிய இடம் வருகிற ஒரு பாட்டை, வேலையை விட்டுவிட்டுத் தட்டுவார்கள் என்று அந்த நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் குத்துப்பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். பேக்கிங்கில் அட்டைப்பெட்டியே தவிலாகிவிடும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். காலை எட்டரைக்குப் போட்டால் ஓவர்டைமும் சேர்ந்த ஒன்றரை ஷிப்ட் முடிகிற வரை ஓடவிட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அது பாட்டாகவே இருக்காது, இன்னொரு மெஷின் சத்தமாகிவிடும். அமெரிக்காவில் 1934-இல் தொடங்கி, ஆபீஸ்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பின்னணி இசை விற்ற முசாக் என்ற கம்பெனி கால் மணி நேரம் இசை, கால் மணி நேரம் அமைதி என்று மாற்றி மாற்றித்தான் கொடுத்தது. ஒவ்வொரு கால் மணியிலும் இசை கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும்படி அடுக்கியிருந்தார்கள். தொழிலாளியைத் தெரியாமலே முடுக்கிவிடும் அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடையில் அமைதி வேண்டும் என்பது சரிதான். நான் வைப்பது பதினொன்று மணிக்கு முன்னால் அரை மணி, மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரை, நைட் இருந்தால் ஏழு மணிக்கு மேல் அரை மணி.

சத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபல் என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குச் சொல்லும் எல்லையும் அதுதான். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. நம் ஊர் ஃபேக்டரி விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 என்று இருக்கிறது, ஆனால் காது சட்டத்தைப் பார்த்துக் கெடுவதில்லை. மெஷின் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஹாலில், பாட்டு கேட்க வேண்டும் என்று அதற்கு மேல் வைத்தால் அது நல்லது செய்யப் போவதில்லை. நான்கு மூலையில் நான்கு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட, வரிசைக்கு மேலே தாழ்வாகச் சின்ன ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டு மெதுவாக வைப்பது நல்லது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. ஃபேக்டரியில் தொழிலாளிகளுக்காகப் போடும் பாட்டும் பொது இடத்தில் போடுவதாகவே கருதப்படும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இங்கே 1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஓட்டல், கடைகளில் பாட்டின் உரிமையாளர்கள் சார்பில் வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற அமைப்புகள் உரிமக் கட்டணம் கேட்கின்றன. செல்போனில் வைத்திருக்கும் பாட்டு ஆப்பின் தனிநபர் கணக்கு சொந்த உபயோகத்துக்குத்தான். ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் முன் இதை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இயர்போன்

இயர்போன் கட்சிக்குத்தான் ஆராய்ச்சிகளின் ஆதரவு அதிகம் இருப்பதாகத் தோன்றும். 1995-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு பெரிய சில்லறை வணிகக் கம்பெனியின் ஆபீஸில் 256 பேரில் 75 பேருக்கு நான்கு வாரம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலை செய்ய விட்டார்கள். அவர்கள் வேலையும் மனநிலையும் முன்னேறின, வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. அதிலும் எளிய வேலை செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். 2005-இல் டெரசா லெசியுக் கனடாவில் நான்கு கம்பெனிகளின் 56 சாஃப்ட்வேர் ஆட்களை ஐந்து வாரம் கவனித்தார். பாட்டு இல்லாத வாரத்தில் மனநிலையும் வேலையின் தரமும் இறங்கின, ஒரு வேலையை முடிக்கும் நேரம் கூடியது.

இந்த இரண்டிலும் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று உண்டு. கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே கேட்டார்கள். அதனால்தான் இயர்போனை ஒதுக்கிவிட முடியவில்லை. ஒடியாப் பையன் வியாழன் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் தள்ளுவண்டி வரவில்லை.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் நடந்தது. பேக்கிங்கில் ஒரு பையன் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, குனிந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். துணி ரோல் அடுக்கிய வண்டியைத் தள்ளி வந்தவருக்கு ரோல்களுக்கு மேலே எட்டிப் பார்க்க முடியாது. "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வந்தார். எல்லோரும் விலகினார்கள், அவன் ஒருவன் மட்டும் குனிந்தபடியே இருந்தான். சக்கரம் பாதத்தில் ஏறியது. இரண்டு விரல் எலும்பு முறிந்து, மூன்று வாரம் வேலை இல்லை, அந்த மூன்று வாரத்துக்குச் சம்பளமும் இல்லை. தூரத்தில் நின்ற எனக்கு அவன் முகம் கடைசி நொடி வரை தெரிந்தது. உதடு பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது.

மறுநாளே நிர்வாகம் கம்பெனி முழுக்க இயர்போனுக்குத் தடை போட்டது. உட்கார்ந்து டிசைன் வரைகிறவருக்கும் தடை, சாம்பிள் ரூமில் தனியாகத் தைக்கிறவருக்கும் தடை. பையனுக்குச் சம்பளம் கொடுப்பதையும் வண்டி போக மஞ்சள் கோடு போடுவதையும் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. வண்டி போகிற வழி, கட்டிங் கத்தி ஓடும் டேபிள், பாய்லர் பக்கம், ஏற்றி இறக்கும் இடம், இந்த நாலிலும் இயர்போன் கூடவே கூடாது. ஒற்றைக் காதிலும் கூடாது. மற்ற இடங்களைத் தனியாக யோசித்திருக்கலாம்.

காது கெடும் ஆபத்தும் இதில்தான் மறைவாக இருக்கிறது. அமைதியான ரூமில் இயர்போனைப் பாதிச் சத்தத்தில் வைத்தால் போதும். தையல் ஹாலில் மெஷினைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் கை தானாகவே முழுச் சத்தத்துக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு சொல்லியிருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒருவர் வாரத்தில் ஆறு நாள் முழுச் சத்தத்தில் கேட்டால் எங்கே போய் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் சத்தமாக இருந்தால் சூப்பர்வைசருக்குத் தெரியும், குறைக்கச் சொல்லலாம். காதுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

அப்புறம் செல்போன். பாட்டுக்காக எடுத்த போன் பாட்டோடு நிற்பதில்லை என்று முதலாளிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பக்கம் அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் வரிசையில் ஒரு அக்கா தினமும் நாலேகால் மணிக்கு இயர்போனை மாட்டுவார். பாட்டுக் கேட்கிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்த மகள் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற வரை லைனில் இருக்கிறார். ஐந்து நிமிடம். "உள்ள போயிட்டியா கண்ணு, தாப்பாப் போட்டுட்டியா" என்பதுதான் மொத்தப் பேச்சே. இயர்போனைத் தடை செய்கிறபோது இந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்தே தடை செய்கிறோம். டீ இடைவேளையை நாலரையிலிருந்து நாலேகாலுக்கு மாற்றினேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

எண்ணுகிற இடம்

எங்கே பாட்டே கூடாது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எண்ணுகிற இடத்தில். எங்கள் பேக்கிங்கில் ஒரு பெரியவர் இருந்தார். பீஸ் எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் தொடங்குவார், நெல் அளந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம். பாட்டு ஓடும்போது நாற்பத்தாறு, நாற்பத்தேழு வரை வருவார், அங்கே பல்லவி திரும்பும், நாற்பத்தாறுக்கே மறுபடி போய்விடுவார். பெட்டிக்கு ஒரு பீஸ் குறைந்து போனால் எக்ஸ்போர்ட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி வளைவுக்குப் போய் உட்கார்ந்து எண்ணுவார்.

அவர் அனுபவத்தில் கண்டதை சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-களில் சோதனையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். எண்களை வரிசையாக மனதில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பின்னால் வார்த்தைகளோடு பாட்டு போட்டால் நினைவு தடுமாறுகிறது. வார்த்தை இல்லாத இசைக்குத் தடுமாற்றம் குறைவு. எண்ணுவதும் படிப்பதும் உள்ளுக்குள் பேசிக்கொண்டே செய்கிற வேலை. அந்த உள்பேச்சின் பாதையில்தான் பாட்டின் வார்த்தையும் வந்து குறுக்கே நிற்கிறது. தெரியாத மொழியாக இருந்தாலும் பேச்சுச் சத்தம் கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆக பில் போடுகிறவர், சம்பளக் கணக்குப் பார்க்கிறவர், ஆர்டர் தரும் பையருக்கு மெயில் எழுதுகிற மெர்ச்சண்டைசர், கட்டிங்கில் துணியை அடுக்கி லே போட்டு அளவு சரிபார்க்கிற மாஸ்டர் எல்லோருக்கும் இது பொருந்தும். கேட்டே ஆக வேண்டும் என்றால் வீணையோ நாதஸ்வரமோ, வார்த்தை இல்லாத ஏதாவது, மெதுவாக.

மேற்கத்திய சங்கீத மேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று சிலர் சொல்வார்கள். அது 1993-இல் 36 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையிலிருந்து வந்த பேச்சு. கிடைத்த பலனும் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றதுதான். பின்னால் ஆராய்ந்தவர்கள் மனசு உற்சாகமாக இருந்ததுதான் காரணம், எந்த இசை என்பது காரணமில்லை என்றார்கள். அதற்காக யாரும் சிடி வாங்க வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கே நடக்காது, இருந்தாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. கியூபாவின் ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865-லிருந்து ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் கதையும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினார்கள். வாசிப்பவருக்குத் தொழிலாளிகளே தங்கள் பணத்தில் சம்பளம் கொடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளிகளிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் நாளிதழ் வாசிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சுருட்டும் பீடியும் சத்தமில்லாத வேலை. ஓவர்லாக் அதற்கு இடம் கொடுக்காது.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது

தையல் வரிசையிலும் செக்கிங்கிலும் ஸ்பீக்கர், நான்கு வேண்டாம், சின்னதாக இரண்டு போதும். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மதியம் மூன்று மணிப் பாட்டை மட்டும் விடவே வேண்டாம். பென்டிரைவ் வரிசை முறையில். சத்தத்துக்கான திருகு சூப்பர்வைசர் டேபிளில் இருக்கக் கூடாது, நடு வரிசையில் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். வரிசையில் யாராவது ஒருவர் தலைவலி என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்துவது, காரணம் கேட்காமல். சாம்பிள் டெய்லரும் டிசைன் பார்ப்பவரும் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம். கட்டிங், கணக்கு, பெட்டி எண்ணும் இடத்தில் எதுவும் இல்லை. வண்டி போகும் வழிக்கு மஞ்சள் கோடு போடுவது ஸ்பீக்கருக்கு முன்னால். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களிடம் ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள் என்றேன். பாட்டால் கூலி ஏறியதா இறங்கியதா என்று அவர்களுக்கு ரூபாய்க் கணக்கில் தெரியும், நம் புரொடக்ஷன் ரிப்போர்ட்டைவிட அது துல்லியமாக இருக்கும்.

மாமனார் நேரில் பார்க்க வேண்டும் என்றார். போன வியாழக்கிழமை மூன்று மணிக்கு இருவரையும் எங்கள் ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செக்கிங் டேபிள் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அக்காவிடம் மட்டும் "சத்தம் தொந்தரவா இல்லீங்களா அம்மிணி?" என்று கேட்டார். "நிறுத்துனாத்தானுங்க தொந்தரவு" என்று பனியனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் அந்த அக்கா.

அயர்னிங் பக்கம் போனபோது தம்பி உற்சாகமாக அயர்ன் மாஸ்டரிடமும் கேட்டார், உங்களுக்கும் ஒரு ஸ்பீக்கர் இந்தப் பக்கம் வைத்தால் நன்றாக இருக்குமா என்று. மாஸ்டர் ஸ்டீம் பாக்ஸைத் தூக்கி நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"பாட்டு இருக்கட்டுங்க தம்பி. மொதல்ல இந்தப் பக்கம் ஒரு ஃபேனை மாட்டச் சொல்லுங்க."

அது எங்கள் ஹால், மாட்ட வேண்டியது நான். தம்பி பையிலிருந்து கொட்டேஷனை எடுத்து, ஸ்பீக்கர் என்றிருந்த இடத்தில் நான்கை அடித்து இரண்டு என்று திருத்திவிட்டு, அதற்குக் கீழே அயர்னிங் எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு என்று எழுதிக்கொண்டார். நானும் என் டைரியில் எழுதிக்கொண்டேன்.